ஒன்பது நிமிஷம்

டிப்போவில் எனக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். பேருந்துகளுக்கு நேர அட்டவணை எழுதுவது என் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், டிரைவர் எப்போது டீ குடிக்கலாம் என்பதையெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக நான்தான் கட்டம் போட்டு எழுதுகிறேன். ஒரு வண்டி நாலு நிமிஷம் தாமதமாக வந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அது போன மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு முடிந்துபோனது.

நானும் அக்காவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவளுக்கு ஒரே பிள்ளை. அவனுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அஞ்சு வயதில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று கையை விரித்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது. இப்போது அவனுக்கு முப்பத்து மூன்று. விமானப்படையின் சாகசக் குழுவில் பைலட். ஏழு விமானங்கள் ஒட்டிக்கொண்டு பறக்கும் குழு அது. அதில் கடைசி இடம் அவனுக்கு. “பேரு வச்சப்பவே எனக்கு இடம் போட்டு வச்சிட்டீங்க மாமா” என்று சிரிப்பான்.

அக்கா அவன் பறந்து ஒரு தடவைகூடப் பார்த்தது இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனோடு பயிற்சி எடுத்த பையன் ஒருவன் விமானத்தோடு வயலில் விழுந்தான். வாலு அதை வீட்டில் சொல்லவில்லை. அக்கா செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்று போனில் அவனிடம், “வேற வேலைக்குப் போ. போகமாட்டேன்னா உன் இஷ்டம். ஆனா நீ பறக்கிறதை நான் பாக்கமாட்டேன்” என்றாள். அவன் போகவில்லை. அவளும் பார்க்கவில்லை. அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுவிடவில்லை. ஞாயிறு தவறாமல் பேசுவார்கள். சாப்பிட்டியா, தூங்கினியா, துணியெல்லாம் துவைக்கறியா, எல்லாம் பேசுவார்கள். விமானம் என்ற சொல் மட்டும் அந்தப் பக்கமும் வராது, இந்தப் பக்கமும் வராது. தெருவுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் அக்கா காயப்போட்ட துணியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

போன மாதம் முதல் ஞாயிறு, அவனாகவே அந்தச் சொல்லை எடுத்தான்.

“அம்மா, நம்ம ஊர்ல விமானக் காட்சி வருது. எங்க குழுவும் வருது. எனக்கு இதுதான் கடைசி. அடுத்த மாசத்துலேருந்து பயிற்சிப் பள்ளில பாடம் எடுக்கப் போறேன். ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா.”

அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ரெண்டு நாள் என்னிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்று, “எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் சட்டைக் காலரைக் கருக்கிவிட்டேன். எத்தனை மணிக்கு என்பதை என்னிடம்தானே கேட்க வேண்டும். அந்தக் காட்சிக்குச் சிறப்புப் பேருந்து விடும் பொறுப்பே என் மேஜையில்தான் இருந்தது. நாற்பது வண்டிகள், லட்சக்கணக்கில் ஜனம். விமானத் தளத்துக்குப் போக ரெண்டே வழி. ஒன்று வெளிவட்டச் சாலை. அகலம், ஆனால் சுற்று. இன்னொன்று கிடங்குத் தெரு. ரெண்டு பக்கமும் நாலு மாடி உயரத்துக்குக் கிடங்குகள், நடுவில் ரெண்டு பஸ் உரசாமல் போகிற அளவுக்கு ரோடு. கிடங்குத் தெருவைப் பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கச் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள்.

ஆட்களை இறக்கிவிட்ட காலி வண்டிகள் எந்த வழியாகத் திரும்புவது என்பதில்தான் சண்டை. போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார், ஒல்லியான மனுஷர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். “காலி வண்டியெல்லாம் வெளிவட்டச் சாலைல போகட்டுமே சார். அந்தத் தெரு தாங்காது” என்றார். நான் விடவில்லை. வெளிவட்டத்தில் போனால் நடை ஒன்றுக்கு ஒன்பது நிமிஷம் கூடும். எங்கள் டிப்போவில் காலி வண்டியைச் சுற்ற விடுவது பாவம் மாதிரி. போன வழியிலேயே திரும்பிவரும், அதுதான் பழக்கம். “ஒன்பது நிமிஷம் சார், நாற்பது வண்டி, ஆறு நடை, கணக்குப் போட்டுப் பாருங்க” என்று கரும்பலகையில் எழுதியே காட்டினேன். அவர் கணக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மேனேஜர் என் தோளில் தட்டினார். நான் அன்று பூரிப்பில் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

வீட்டுத் திட்டத்தையும் அதே மாதிரி போட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அட்டையில் ‘அக்கா’ என்று எழுதினேன். குடை அனுமதி இல்லை, அதனால் தொப்பி ரெண்டு. காதுக்குப் பஞ்சு. தண்ணீர் ரெண்டு பாட்டில், மூடி இறுக்கமாக இருப்பது. அக்காவின் வலது முட்டியில் போன வருஷம் ஆபரேஷன் நடந்ததால் மடக்கு நாற்காலி ஒன்று, அதை நான் தூக்குவது. மத்தியானம் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கண் கூசும் என்று மைதானத்தின் வரைபடத்தில் இடத்தைக்கூடக் குறித்தேன். மூன்றாவது அடைப்பு, கம்பி வேலி ஓரம். வாலுவிடம் சொன்னேன். இறங்கியதும் நேரே அந்த வேலிக்கு வந்துவிடுவேன் என்றான்.

அவன் இன்னொன்றும் சொன்னான். “மாமா, குடும்பத்துக்காரங்களுக்குன்னு எங்க வேன் ஒண்ணு வருது. காலைல அஞ்சு மணிக்கு வீட்டு வாசலுக்கே வந்துடும். பாஸும் அனுப்பறேன். அதுல வந்துடுங்களேன்.”

“அஞ்சு மணிக்கு வந்து பன்னண்டு மணி வரைக்கும் உங்கம்மா வெயில்ல காயணுமா? பாஸை மட்டும் அனுப்பு. மத்ததை எங்கிட்ட விடு. நான் எதுக்கு இருக்கேன்?”

நான் எதுக்கு இருக்கேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா இந்தத் திட்டம் எதையும் படிக்கவில்லை. நோட்டைக் காட்டினால், “எல்லாம் நீ பாத்துக்குவ” என்பாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “அவன் எந்த நேரத்துக்கு வருவான்?” பன்னிரண்டு பத்து என்று சொன்னேன். மறுநாள் திரும்பக் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, அக்கா பின்கட்டில் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். மேலே ஏதோ பயணிகள் விமானம் போய்க்கொண்டிருந்தது. அது மறைகிறவரைக்கும் பார்த்தாள்.

“என்னக்கா?”

“பழகிக்கறேன்டா” என்றாள்.

அக்காவுக்கு வேலை பள்ளிக்கூடப் பஸ்ஸில். பிள்ளைகளை ஏற்றி இறக்கி வீட்டு ஆட்களிடம் ஒப்படைப்பது. பத்தொன்பது வருஷமாகத் தலை எண்ணுகிறாள். ஏறும்போது எண்ணுவாள், சீட்டில் உட்கார்ந்ததும் எண்ணுவாள், இறங்கும்போது எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக வராமல் அவள் கையைக் காட்ட மாட்டாள், அவள் கையைக் காட்டாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஓடுகிற பிள்ளை, குனிந்த பிள்ளை, சீட்டுக்கு அடியில் பென்சில் தேடுகிற பிள்ளை, எதுவும் அவள் கணக்கில் தப்பாது.

ஞாயிறு காலை எட்டு நாற்பது வண்டி. என் அட்டவணையில் நான் எழுதிய வண்டி. சொன்னபடி எட்டு நாற்பதுக்குக் கிளம்பியது. அக்காவுக்கு ஜன்னல் சீட். புதுச் சேலை கட்டியிருந்தாள், கைப்பையை மடியில் வைத்து ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள். “ஒன்பதரைக்கு இறங்கிடுவோம், நிதானமா நடந்து போய் உக்காந்துக்கலாம்” என்றேன். ஒன்பது பதினைந்துக்குக் கிடங்குத் தெருவில் நுழைந்தோம். ஒன்பது இருபதுக்கு வண்டி நின்றது.

முதலில் நான் கவலைப்படவில்லை. அட்டவணையில் பன்னிரண்டு நிமிஷம் கூடுதலாக வைத்திருந்தேன். அது கரைந்தது. அரை மணி ஆனது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன்னால் என் வண்டிகள் ஏழெட்டு, மூக்கும் முதுகுமாக. எதிரே என் காலி வண்டிகள், அவையும் அப்படியே. பஸ் கிடைக்காத ஜனம் நடந்தே வந்து ரெண்டு வரிசைக்கும் நடுவில் புகுந்திருந்தது. ஒரு காலி வண்டி கொஞ்சம் ஒதுங்க முயன்று எதிர் வண்டியோடு பக்கக் கண்ணாடி கோத்துக்கொண்டு நின்றது. முன்னே போகவும் வழி இல்லை, பின்னே போகவும் வழி இல்லை. டிரைவர்கள் இறங்கி நின்று பீடி பற்றவைத்துவிட்டார்கள். டிரைவர் பீடி பற்றவைத்தால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். வண்டி இப்போதைக்கு நகராது.

திரும்பி வந்து அக்காவிடம், “நடந்துடலாமா?” என்றேன்.

“எவ்வளவு தூரம்?”

“ரெண்டரை கிலோமீட்டர்.”

கைப்பையை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் அக்கா. பத்தடிக்கு ஒரு தடவை நின்றோம். முட்டி வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை, ஆனால் என் தோளை அவள் பிடித்த பிடியில் எனக்கே வலித்தது. ஒரு மணி நேரத்தில் எழுநூறு எண்ணூறு மீட்டர் போயிருப்போம். அங்கே குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அதே ஒல்லி இன்ஸ்பெக்டர்.

“மைதானம் நிறைஞ்சிடுச்சு. இந்தப் பக்கமா யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு.”

நான் பாஸை எடுத்து நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது தெற்கு வாசல் பாஸ். அதுக்கு வெளிவட்டச் சாலை வழியா வரணும்.” அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். “நீங்க அந்த ஒன்பது நிமிஷம் சார்தானே?”

குத்திக்காட்டவில்லை அவர். அடையாளம் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிமிர்ந்து நின்றிருப்பேன். “என் அக்கா சார். பையன் பறக்கிறான். பன்னண்டு பத்துக்கு” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் அக்காவின் முட்டியைப் பார்த்தார், பின்னால் திரண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தார். “உங்களை விட்டா இவங்க எல்லாரையும் விடணும் சார்” என்றார். அதுவும் சரிதான்.

ஒரு கிடங்கின் சரக்கு இறக்கும் மேடை ஓரமாக நாற்காலியை விரித்து அக்காவை உட்காரவைத்தேன். தலைக்கு மேலே தெருவின் அகலத்துக்குத்தான் வானம் இருந்தது. வாலுவுக்குப் போன் போட்டேன், போகவில்லை. அத்தனை ஜனம் ஒரே இடத்தில் கூடினால் எந்தப் போன் வேலை செய்யும். மேனேஜருக்குப் போட்டேன், அதுவும் போகவில்லை. பதினொரு மணிக்குக் காட்சி ஆரம்பித்துவிட்டது. சத்தம் வரும், சுவர்களில் மோதும், எந்தப் பக்கம் என்று திரும்புவதற்குள் போய்விடும். தூரத்தில் கூட்டம் ஆரவாரம் செய்வது கேட்கும். எதற்கு என்று தெரியாது.

“அக்கா, என்னை மன்னிச்சிடு.”

“மணி என்னடா?”

“பதினொண்ணு அம்பது.”

“சரி, இரு.” அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்தாள். அப்புறம் கண்ணை இறக்கவே இல்லை.

பன்னிரண்டு பதினாலுக்கு வந்தார்கள். நான் அப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் முதுகில் அறைந்ததும் நிமிர்ந்தேன். எனக்குத் தெரிந்தது வெள்ளைப் புகைக் கோடுகள் மட்டும்தான். ரெண்டு நொடி இருக்குமா, அவ்வளவுதான். நான் கை தட்டினேன். பக்கத்தில் நின்றவர்களும் தட்டினார்கள்.

“பாத்தியாக்கா? பாத்துட்டியா?”

அக்கா கை தட்டவில்லை. “எத்தனை வரணும்?” என்றாள்.

“ஏழு.”

“ஆறுதான்டா வந்துச்சு.”

“கட்டடம் மறைச்சிருக்கும்கா. ரெண்டு நொடில யாரு எண்ண முடியும்?”

“நான் எண்ணினேன். ஆறு. கடைசில ஆள் இல்ல.”

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்குக் கை கால் ஓடவில்லை. இருந்தாலும் வாய் மட்டும் ஓடியது. “ஏதாவது ஆகியிருந்தா சத்தம் கேட்டிருக்குமேக்கா.”

“இந்தச் சத்தத்துல எதைத் தனியாக் கேப்ப?”

கயிற்றுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டரின் தோளில் வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏதாவது விபத்தா, கேட்டுச் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டார் அவர், ரெண்டு தடவை கேட்டார். பதிலுக்கு, கிடங்குத் தெருவில் காலி வண்டிகளை எப்போது எடுப்பீர்கள் என்று யாரோ அவரைத் திட்டினார்கள். “எங்களுக்கு ரோட்டுல நடக்கறதுதான் சார் வரும். மேல நடக்கறது வராது” என்றார். தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்து நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அக்கா கைப்பையைப் பிடித்தபடி இருந்தாள். அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒன்று, ரெண்டு, மூன்று என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு வந்ததும் நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து. நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். நாற்பது வண்டியை ஏவுகிறவன், ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்திலிருந்து ஒரு தகவலைக் கொண்டுவர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

ரெண்டு மணிக்கு மேல் கூட்டம் வீடு திரும்பத் தொடங்கியது. வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தோம். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வந்தார்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரை நிறுத்தி, ஏதாவது அசம்பாவிதமா என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லையே, நல்லாத்தானே போச்சு” என்றார். எத்தனை விமானம் என்று கேட்டேன். அவர் எண்ணவில்லை. யார் எண்ணுகிறார்கள்.

மூன்றே காலுக்கு அக்காவின் போன் அடித்தது. வாலு. அவள் அவசரத்தில் எங்கேயோ அழுத்தி, குரல் வெளியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

“அம்மா.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான், “டேய், நீ நல்லாயிருக்கியா?” என்று கத்தினேன்.

“நல்லாத்தான் இருக்கேன் மாமா, ஏன்?” மூக்கடைத்த குரல். அம்மா என்பதே அப்பா மாதிரி கேட்டது. “வேலிக்கு வந்தேன், உங்களைக் காணோம். கூட்டத்துல வேற எங்கயாவது தள்ளிட்டாங்களா? அம்மா வந்தாங்களா?”

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துத் தடுத்தாள்.

“வந்தேன்டா” என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. “வேலி ஓரம்தான் நின்னேன். வெயிலா இருந்துச்சுன்னு முடிஞ்சதும் உங்க மாமா கூட்டிட்டு வந்துட்டான்.”

அவன் ஒரு தடவை இருமினான்.

“பாத்தியாம்மா?”

“பாத்தேன்.”

“என்னைப் பாத்தியா? கடைசில வந்தேனே.”

“பாத்தேன். கண்ணு நிறையப் பாத்தேன். நல்லா பறந்தடா.”

“தேங்க்ஸ்மா” என்றான் அவன். மூக்கை உறிஞ்சினான். அது சளியா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

“சளி பிடிச்சிருக்கா?”

“தூசிம்மா.”

“வெந்நீர் குடி” என்றாள். வைத்துவிட்டாள்.

நான் எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். என் போனில் செய்தி வந்து விழுந்தது. வாலுதான். ‘மாமா, ரெண்டு நாளா ஜலதோஷம். காது அடைச்சிருக்குன்னு காலைல டாக்டர் ஏற விடல. சொல்லலாம்னா போன் போகல. ஆறு பேர்தான் பறந்தாங்க. அம்மா அவ்வளவு ஆசையா சொல்றாங்க, எனக்கு மறுக்க மனசு வரல. நீங்களும் சொல்லிடாதீங்க.’

“யாருடா?” என்றாள் அக்கா.

“டிப்போவிலேருந்து.”

“அவன்தானே?”

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். அவள் செய்தியைப் படித்துக்காட்டச் சொல்லவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நான் நாற்காலியை மடக்கினேன்.

“தெரிஞ்சும் ஏன்க்கா பாத்தேன்னு சொன்ன?”

“எட்டு வருஷம் பாக்கமாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவன் கூப்பிட்ட ஒரே நாள்ல, பாக்கலன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

அப்போதுதான் அழுதாள். நான் ஒரு கையில் அவளையும் ஒரு கையில் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.